புதுப்பிப்பு: நெரைட் நத்தைகளை விட்ட பிறகு

மீன் தொட்டிக் கண்ணாடியில் தேய்த்தாலும் போகாத பச்சைப் புள்ளிப் பாசிக்கு வழி கேட்டிருந்தேன். பாசியைத் தின்னும் நெரைட் நத்தை விடச் சொன்னீர்கள். விட்டாயிற்று.

பழுப்புப் பாசி முதலில் காணாமல் போனது. பச்சைப் புள்ளிகள் மெதுவாகத்தான் குறைகின்றன. விளக்கு எரியும் நேரத்தையும் குறைத்திருக்கிறேன், ஆகவே முழுப் பெருமையும் நத்தைக்குப் போகாது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தால், வாய் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் துளியூண்டு பாசி உரிவது தெரிகிறது. வேடிக்கை பார்க்க நேரம் போவதே தெரியவில்லை.

தொல்லை என்றால் முட்டைதான். மரக்கட்டை முழுக்க எள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். நன்னீரில் இவை குஞ்சாகி வளராது, அதற்கு உப்பு கலந்த நீர் வேண்டும். பெருகிவிடும் பயம் இல்லை, சுரண்டுவதுதான் பெரும்பாடு.

நீர் அமிலமாகி பிஎச் 7-க்குக் கீழே இறங்கினால் நத்தை ஓடு அரிக்கும் என்று ஒருவர் சொன்னது சரி. சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்று போட்டிருக்கிறேன். தாமிரம் கலந்த மீன் மருந்து இனி இந்தத் தொட்டிக்குள் வராது, நத்தைக்கு அது விஷம். அப்புறம், மூடி கட்டாயம். விளிம்பு தாண்டி வெளியே போய்விடும். மல்லாந்து கிடந்தால் திருப்பி விடுங்கள்.

வேகவைத்த கீரையைச் சீண்டக்கூட இல்லை. பாசி தீர்ந்தால் வேறு என்ன தின்னும்? வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.