திரும்பி வந்த அண்ணனின் எச்பி-67 கால்குலேட்டருக்கு உதவி தேவை

நண்பர்களே, பல வருடங்களாகக் காணாமல் இருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மீண்டும் வந்துவிட்டார். ஆர்பிஎன் முறையை (எண்களை முதலில் கொடுத்துவிட்டு, கூட்டல், கழித்தல் போன்ற குறியைப் பிறகு அழுத்துவது) எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், அத்தனை சந்தோஷம் எனக்கு.

அவருடைய எச்பி-67 (1976இல் வந்தது, 224 படிகள் வரை நிரல் எழுதலாம்) இன்னும் கணக்குப் போடுகிறது. ஆனால் காந்த அட்டையை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளை பிசினாக உருகிவிட்டது. இந்த மாடலுக்கு வயதானால் வழக்கமாக வரும் கோளாறுதான். அவர் எழுதிய நிரல்கள் எல்லாம் அந்த அட்டைகளில்தான் இருக்கின்றன.

உருளையை மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த அளவு சிலிக்கோன் குழாய் பொருந்தும்? பிசினை எதைக்கொண்டு துடைப்பது?

அப்புறம், அவர் இல்லாத காலத்தில் வந்தவற்றில் எதை முதலில் காட்டலாம்? எச்பி-15சி கால்குலேட்டர் 2023இல் மறுபடி வெளியானதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.