அறுகம்பேயின் சுற்றுலாக் கேள்வியை அட்டைக் கொடுப்பனவுகளால் அளக்கலாமா?

பொத்துவில் மாணவி:
வணக்கம். கிழக்கிலங்கையின் அலைச்சறுக்குக் கடற்கரையான அறுகம்பேயின் சுற்றுலாக் கேள்வியை (அதாவது சுற்றுலாவுக்கான தேவையை) மாதவாரியாக மதிப்பிடுவதே எனது இறுதியாண்டு ஆய்வு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் மாதாந்த வருகைப் புள்ளிவிவரம் நாட்டுக்குள் வந்தவர்களைக் காட்டுகிறதே தவிர, அவர்களில் எத்தனை பேர் கிழக்குக்கு வந்து எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைக் காட்டுவதில்லை. பெயரும் அட்டை இலக்கமும் நீக்கப்பட்ட கொடுப்பனவுத் தரவு வங்கியொன்றிடமிருந்து கிடைத்தால் அது போதுமா?

கல்முனைக் கணக்காளர்:
அது மட்டும் போதாது, தங்கச்சி. அலைச்சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுப்பவரும், அதை முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு அடுத்த கடற்கரைக்குப் போகிறவரும் பெரும்பாலும் காசாகவே கொடுக்கிறார்கள். ஆகவே பொத்துவில் ஏ.ரி.எம்.களில் வெளிநாட்டு அட்டைகளால் எடுக்கப்படும் பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இணையத்தளத்தில் முன்பதிவு செய்து அங்கேயே கட்டிய அறை வாடகை இங்குள்ள அட்டைக் கொடுப்பனவு இயந்திரத்தில் பதியாது. கொழும்பில் பதிவான நிறுவனமொன்று பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்தினால் அதன் வருமானம் கொழும்புக் கணக்கில் விழக்கூடும் என்பதால், பதிவு முகவரியை விட்டு, இயந்திரம் இருக்கும் இடத்தின்படியே தரவைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

மட்டுநகர் வாசகர்:
ரூபாத் தொகையை அப்படியே ஒப்பிடாதீர்கள். 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றதால், டொலரில் அதே செலவைச் செய்த பயணியும் ரூபாவில் பெருஞ்செலவாளியாகத் தெரிவார். மாதந்தோறும் பயன்பட்ட வெவ்வேறு அட்டைகளின் எண்ணிக்கை இதைவிட நம்பத்தக்கது. புதிதாக இயந்திரம் வாங்கிய கடைகள் கேள்வி வளர்ந்ததுபோன்ற தோற்றத்தைத் தரும்; ஆய்வுக் காலம் முழுவதும் இயந்திரம் வைத்திருந்த கடைகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் தங்கள் நாட்டின் கைபேசிக் கொடுப்பனவு முறையான யு.பி.ஐ. மூலம், இலங்கைக் கடைகளிலுள்ள லங்கா கியூஆர் குறியீட்டை வருடிச் செலுத்த முடிகிறது. அதைச் சேர்க்காவிட்டால், வராமற்போனவர்களாக நீங்கள் எண்ணுகிறவர்கள் உண்மையில் கியூஆருக்கு மாறியவர்களாக இருக்கலாம்.

பொத்துவில் மாணவி:
மிக்க நன்றி. உள்நாட்டுப் பயணிகளை எவ்வாறு பிரிப்பது?

கல்முனைக் கணக்காளர்:
அதுதான் கடினம். அட்டையின் முதல் இலக்கங்கள் வழங்கிய வங்கியின் நாட்டைக் காட்டுமேயன்றி, வைத்திருப்பவரின் ஊரைக் காட்டா. ஓர் அட்டை வழமையாக எந்த மாவட்டத்தில் பயன்படுகிறது என்பதை வங்கியே கணித்துத் தொகுத்துத் தரவேண்டும். நியூசிலாந்து 2020 முதல் வெளியிட்ட சுற்றுலா அட்டைக் கொடுப்பனவுத் தொடரும் காசையும் முன்பணத்தையும் சேர்க்காத, மொத்தச் செலவல்லாத ஒரு தொடரே. எனவே விடுதிகளிலும் கடைகளிலும் சிறு கணக்கெடுப்பு நடத்திக் காசின் பங்கை அறியுங்கள். ஓகஸ்டில் கிடைத்த விகிதத்தை, வடகீழ்ப் பருவமழையில் பல விடுதிகள் மூடிக்கிடக்கும் டிசம்பருக்குப் பயன்படுத்த வேண்டாம்.