1942: இலங்கையைக் குறித்து ஜேர்மனியும் யப்பானும் சேர்ந்து திட்டமிட்டனவா?

ஹட்டன் மாணவி:
ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். 1940 செப்டெம்பர் 27 இல் பேர்லினில் ஜேர்மனி, இத்தாலி, யப்பான் ஆகியவை கைச்சாத்திட்ட முத்தரப்பு உடன்படிக்கையைப் படித்தபோது எழுந்த ஐயம் இது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது, ஹிட்லரும் டோக்கியோ தலைமையும் கலந்து எடுத்த முடிவா?

கண்டி ஆசிரியர்:
இல்லை, மகள். அத்தாக்குதலை யப்பானியக் கடற்படையே வகுத்தது. அவ்வாண்டு ஜனவரி 18 இல் ஜேர்மனி, இத்தாலி, யப்பான் ஆகிய மூன்றும் செய்த இராணுவ ஒப்பந்தம், கிழக்கு நெடுங்கோடு 70 பாகையை எல்லையாக வைத்து, அதற்குக் கிழக்கே யப்பானும் மேற்கே மற்ற இரண்டும் போரிடும் என்று பிரித்தது. ஏறத்தாழ 80 பாகையில் இருக்கும் இலங்கை யப்பானின் பங்கில் விழுந்தது. ஆனால் எல்லை பிரித்ததையே கூட்டுத் திட்டம் என்று கொள்ளக் கூடாது. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது, யப்பான் இரண்டு மாதம் முன்பே மொஸ்கோவுடன் நடுநிலை உடன்படிக்கை செய்திருந்தது. அதை முறித்து ஜேர்மனிக்குத் துணை நிற்கவும் இல்லை. பேர்ள் துறைமுகம் எந்த நாளில் தாக்கப்படும் என்பதும் பேர்லினுக்கு முன்கூட்டித் தெரியாது.

மாத்தளை வாசகர்:
ஐயா சொல்வது சரியே. ஆயினும் ஆசை இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். எகிப்தில் போரிட்ட பிரித்தானியப் படைகளுக்குப் பொருள்கள் ஆபிரிக்காவைச் சுற்றி இந்துப் பெருங்கடல் வழியே சென்றதால், அந்த வழியை யப்பான் அறுக்க வேண்டும் என்று ஜேர்மன் கடற்படைத் தலைவர் றேடர் பெரிதும் விரும்பினார். 1942 ஜூனில் ஜேர்மன் தளபதி றொமெல் வட ஆபிரிக்கத் துறைமுகமான டோப்ரூக்கைப் பிடித்தபோது அந்த ஆசை கைகூடும் போலிருந்தது. ஆனால் அதே மாதம் பசிபிக்கில் மிட்வே தீவருகே அமெரிக்கருடன் நடந்த கடற்போரில் யப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஓகஸ்ட்டில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் மூண்ட போர் அதன் முழுக் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. 1943 இல் சுபாஸ் சந்திர போஸை மடகஸ்கார் அருகே ஜேர்மன் நீர்மூழ்கி யப்பானிய நீர்மூழ்கியிடம் ஒப்படைத்ததும், பினாங்கிலிருந்து ஜேர்மன் நீர்மூழ்கிகள் இயங்கியதும் உண்மையான ஒத்துழைப்புத்தான், ஆனால் மிகச் சிறியது.

பதுளை வாசகர்:
நம் மலையகம் அந்தப் போரை அரிசியில் உணர்ந்தது. யப்பான் பர்மாவைப் பிடித்ததும் தோட்டங்களுக்கு வந்த பர்மா அரிசி நின்றது. மலாயாவும் விழுந்துவிட்டதால் நேச நாடுகள் இலங்கை இறப்பரையே பெரிதும் நம்பின. மரங்கள் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டப்பட்டது. றேடர் விரும்பியபடி இரு நாடுகளும் உண்மையிலேயே இணைந்து இக்கடலை மூடியிருந்தால், அந்த இறப்பர் வெளியே போயிருக்காது, எஞ்சிய உணவும் உள்ளே வந்திருக்காது. மகள், பேர்லினிலிருந்த யப்பானியத் தூதர் ஒஷிமாவைப் பற்றியும் படியுங்கள். ஹிட்லரோடு பேசியதை அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய இரகசியத் தந்திகளை அமெரிக்கர் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.