[கலைச்சொல்] வைஃபை சேர்ந்தும் இணையம் வராத நிலை: 'வறளிணைப்பு' சரியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வைஃபை சேர்ந்துவிடுகிறது, இணையம் மட்டும் வருவதில்லை. இந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் தொடங்கிய இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: இணையமிலா இணைப்பு, வெற்றிணைப்பு, அரையிணைப்பு, மதகடைப்பு. ஐந்தாவதாக 'வறளிணைப்பு' என்பதை முன்வைக்கிறேன். பாதி எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாயிலிருந்து வந்தது. மீதியை நான் இலக்கணம் பார்த்துச் சேர்த்தேன். கடிதம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நீடாமங்கலம் பக்கம். ஆறு பிரியும் மூணாறு தலைப்பு என்ற நீர்ப்பிரிவு அணைக்குச் சைக்கிளில் போய்விடலாம். கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அப்பா லஸ்கராக இருந்தவர். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து எழுதுவது எல்லாம் அவர் வேலை. வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கும். நான் சொல்லப்போகும் சொல்லிலும் அந்த ஈரம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டு அத்தைக்குத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் முகத்தைப் பார்க்க. (சொந்தம் கிடையாது, நான் பிறந்ததிலிருந்து அத்தைதான்.) மே மாதக் கடைசியில் ஒருநாள் நான் மன்னார்குடியில் இருந்தபோது போன் வந்தது. "தம்பி, டேப்புல நெட்டு வரலப்பா." நான் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்: வைஃபை பெயரை அழுத்தி நீக்குங்கள், பாஸ்வேர்டை மறுபடி போடுங்கள். 16 எழுத்து பாஸ்வேர்டு அது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் சேர்ந்தது. "சேந்துட்டுதுன்னுதான் காட்டுது, புள்ளைங்கதான் வரல" என்றார். அதை நான் காதில் வாங்கவில்லை. 'நெட்டு வரல' என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு. பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12 திறப்பதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பொக்லைன் வாய்க்கால் கரையோரம் புதைத்திருந்த ஃபைபரை அறுத்துவிட்டது. டேப்லெட்டுக்கும் மோடத்துக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை. மோடத்துக்கு அந்தப் பக்கம்தான் ஒன்றும் இல்லை. இதை நான் விளக்கி முடித்ததும் அத்தை கேட்டது: "வாய்க்கா இருக்கு, தண்ணி வரல. அதத்தானே நான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்?"

அவர் சொன்னது உண்மை. சரியான நோய்க்குறியைத்தான் சொன்னார். அதை வாங்கிக்கொள்ள என்னிடம் சொல் இல்லை. எங்கள் பக்கம் ரவுட்டர், மோடம், ஃபைபர் பெட்டி எல்லாவற்றுக்கும் 'மோடம்' ஒன்றுதான் பெயர். அதனால் இடைஞ்சல் பெரிதாக இல்லை. ஆனால் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் 'நெட்டு வரல' ஒன்றுதான் பெயர் என்பதால் மணிக்கணக்கில் வீணாகிறது.

குறைந்தது மூன்று தனித்தனி நிலைகள் இருக்கின்றன. முதலாவது, வைஃபையில் சேரவே முடியாதது. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம். மோடம் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்ப, பழைய டேப்லெட்டுக்கு 2.4 மட்டுமே தெரிந்திருக்கலாம். மோடத்தில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்திருந்தால், அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 காலத்துக் கருவிகள் வெளியிலேயே நிற்கும். இரண்டாவது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட பிறகு 'ஐபி முகவரி பெறப்படுகிறது' (வலையமைப்பில் கருவிக்கான எண் அது, மோடம் கொடுப்பது) என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பது. மூன்றாவதுதான் நாம் பெயர் தேடுவது. சேர்ந்தாயிற்று, முகவரியும் கிடைத்தாயிற்று, அதற்கு அப்பால் எட்டவில்லை. இந்த மூன்றாவது நிலையில் பாஸ்வேர்டைத் தொடுவது வீண்வேலை. அந்த ஒரு சேதியையாவது சொல்லே தாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

இனி ஏற்கெனவே வந்த சொற்கள்.

> வெற்று + இணைப்பு = வெற்றிணைப்பு. சுருக்கமானது, பொருளும் தெளிவு.

இதை எழுதிய அம்மாவுக்கு: எழுத்தில் தெளிவுதான். 'வெற்றி'யோடு சேர்ந்திருந்தால் 'வெற்றியிணைப்பு' என்று யகரம் வந்திருக்கும் என்பதும் சரி. ஆனால் கோளாறு பெரும்பாலும் போனில்தான் பேசப்படுகிறது. 'வெற்றிணைப்பு' என்று காதில் விழுந்ததும் முதலில் நிற்பது வெற்றி. மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேருமே இணைப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். கோளாற்றின் பெயர் நல்ல சேதியாகக் கேட்கக் கூடாது.

> அரையிணைப்பு என்றால் போதுமே?

இதைக் கேட்டால் சிக்னல் குறைவு என்றுதான் தோன்றும். எங்கள் ஊர் ஓட்டுவீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம். மோடம் திண்ணை அறையில் இருந்தால் கொல்லைப்புறத்துக்கு ஒரு கோடு, இரண்டு கோடுதான் வரும். அந்த நிலைக்கு 'அரையிணைப்பு' அழகாகப் பொருந்தும், அதற்கே வைத்துக்கொள்வோம். நாம் பேசும் நிலையில் கோடுகள் முழுசாக இருக்கின்றன. ஆளை ஏமாற்றுவதே அந்த முழுக்கோடுகள்தான்.

'இணையமிலா இணைப்பு' விளக்கமாக நன்றாக இருக்கிறது. பெயராக நிற்கவில்லை. 'இணையமிலா இணைப்பாக இருக்கிறது' என்று ஒருவர் வீட்டில் பேசுவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

'மதகடைப்பு' எனக்கு மிகவும் பிடித்தது, லஸ்கர் பிள்ளைக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன தடை நியாயமானது. அவர்கள் பக்கம் மதகு என்றால் மாலையில் உட்கார்ந்து கதைக்கிற சிறுபாலம். அடைப்பு என்றாலும் யாருக்கும் பயணம் போகும் வழி மறிபட்டதாகத்தான் படும். எனக்கு இன்னொரு தடையும் உண்டு. அடைப்பு என்பது காரணத்தைச் சொல்கிறது. கேபிள் அறுந்தால் யாரும் எதையும் அடைக்கவில்லை. பயனர் பார்ப்பது நிலையை, காரணத்தை அப்புறம்தான் தேடப்போகிறார். பெயர் நிலைக்கு இருக்கட்டும்.

வறள் + இணைப்பு = வறளிணைப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வறண்ட இணைப்பு, வறள்கின்ற இணைப்பு, வறளும் இணைப்பு என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இது வெறும் இலக்கண அழகு இல்லை. காலையில் இருந்தது மத்தியானம் போய், சாயங்காலம் திரும்பி வருகிற இணைப்புக்கும் இதே சொல் பொருந்தும். வாய்க்கால் காய்ந்தாலும் வாய்க்கால்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 'வாய்க்கால் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர்ச் சொற்கள் கணினித் தமிழுக்குப் புதிதும் இல்லை. நியூஸ் ஃபீடைச் செய்தியோடை என்கிறோம், அதற்கும் முன்னாலிருந்தே மின்னோட்டம் என்கிறோம்.

வரையறை: அருகலையில் (வைஃபையில்) சேர்ந்து முகவரியும் பெற்ற கருவி, அதற்கு அப்பால் இணையத்தை எட்ட முடியவில்லை என்று காட்டும் நிலை.

'காட்டும்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஆண்ட்ராய்டு இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னதாக ஒரு கோரிக்கை அனுப்புகிறது. 204 என்ற எண்ணோடு உள்ளடக்கம் இல்லாத மறுமொழி வர வேண்டும். வராவிட்டால் இணையம் இல்லை என்று எழுதிவிடும். அப்பா கேஜைப் பார்த்து எழுதியதைப் போலத்தான் இது. கேஜ் ஓரிடத்து மட்டத்தைத்தான் சொல்லும், ஆறு முழுவதையும் சொல்லாது. அந்த ஒரு முகவரியை மட்டும் தடுத்திருக்கும் வலையமைப்புகளில் மற்ற பக்கங்கள் திறக்கும், டேப்லெட் மட்டும் வறட்சி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அத்தை வீட்டிலேயே நடந்தது. மூன்றாம் நாள் கேபிளை ஒட்டிவிட்டார்கள். மோடத்தில் பச்சை விளக்கு, என் போனில் எல்லாம் வருகிறது. டேப்லெட்டில் மட்டும் வரவில்லை. அரைமணி நேரம் திணறிய பிறகு மேல் மூலையில் தேதியைப் பார்த்தேன். மூன்று நாளாகச் சார்ஜ் போடாமல் பேட்டரி முழுதும் இறங்கி, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. பாதுகாப்பான தளங்கள் எல்லாம் ஒரு சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். கருவியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் சான்றிதழை நம்பாது, பக்கத்தையும் திறக்காது. தேதியைச் சரிசெய்ததும் ஒரு நொடியில் எல்லாம் வந்தது. தண்ணீர் வயல்வரை வந்து நின்றது, வரப்பில் மடையைத் திறக்கவில்லை.

இதையும் வறளிணைப்பு என்பதா? ஆம் என்றே நினைக்கிறேன். பயனரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் பிரிக்கிற சோதனையும் எளிது. அப்பா சொல்வார், கீழ்மடைக்காரர் தண்ணீர் இல்லை என்று வந்தால் முதலில் பக்கத்து மடையைப் பார் என்று. அதே வைஃபையில் இன்னொரு போனைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கோளாறு மோடத்திலோ அதற்கு மேலேயோ. அதில் வந்தால் டேப்லெட்டிலேயே தேட வேண்டும்: தேதி, யாரோ எப்போதோ கையால் போட்டுவைத்த நிலையான ஐபி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் 'தனிப்பட்ட' அமைப்பு. ஒரு எச்சரிக்கை. அந்தப் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வைஃபை வறண்டதும் போன் சத்தமில்லாமல் சிம்முக்கு மாறிக்கொண்டு, எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். நான் இரண்டு வீடுகளில் இதில் ஏமாந்திருக்கிறேன்.

பொது இடங்களில் வைஃபையில் சேர்ந்ததும் போன் எண்ணைக் கேட்டு ஒரு பக்கம் வருமே, அதை வறளிணைப்பில் சேர்க்க வேண்டாம். அங்கே அனுமதிதான் நிலுவை. 'நுழைவுப் பக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது போதும்.

கடைசியாக ஒன்று, தனி இழைக்கு உரியது. இரண்டாவது நிலையைப் பற்றிப் பேசும்போது, மோடம் கருவிக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு முகவரி கொடுப்பதை 'முகவரிக் குத்தகை' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். டெல்டாக்காரனாக எனக்கு அது ஒட்டவில்லை. இங்கே குத்தகை என்றால் தலைமுறையாக ஒரே நிலத்தில் இருப்பது. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நினைத்த மாத்திரத்தில் யாரையும் வெளியேற்ற முடியாது. மோடம் கொடுக்கும் முகவரியோ நேரம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கு இங்கே இருக்கிற சொல் 'முறை'. தண்ணீர் குறைந்த வருடங்களில் முறைவைத்து விடுவார்கள். இத்தனை நாள் உனக்கு, அடுத்து அவனுக்கு. 'முகவரி முறை' என்றால் பொருள் உட்கார்ந்துவிடுகிறது. கூட்டம் அதிகமான இடங்களில் முகவரிகள் தீர்ந்து டேப்லெட் காத்துக்கொண்டே இருக்கும் நிலைக்கு 'முறை கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். குத்தகைக்கு ஆதரவானவர்கள் மறுத்து எழுதினால் அந்த இழையைத் திறக்கிறேன்.

வறளிணைப்பை நேற்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, "காஞ்சு கெடக்குறத சொல்ற. சரிதான். ஆனா எனக்குப் பாதிதான் வரும், நான் 'வறண்டு கெடக்கு'ன்னு சொல்லுவேன்" என்றார். எனக்கு அதுவே போதும். 'டேப்பு வறண்டு கெடக்கு தம்பி' என்று போன் வந்தால், நான் முதலில் கேட்கப்போவது மோடத்தில் என்ன நிறத்தில் விளக்கு எரிகிறது என்பதைத்தான்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒட்டுவதற்கு ஒரு பக்க உதவித்தாள் தயாரிக்கிறேன். வரும் வெள்ளிக்குள் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, ஈழத்திலும் மலேசியாவிலும் 'வறள்' பேச்சில் இருக்கிறதா, ஏட்டில் மட்டும்தானா என்பதை அந்தந்த ஊர் நண்பர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்,
நீடாமங்கலத்திலிருந்து