அப்பச்சிக்கு நிலைப்படி தாண்டக் கால் வரவில்லை. மூளையில் ஆபரேஷன் பண்ணலாமா?

கோட்டையூரான்:
அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 71 வயது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. முதலில் காட்டிக்கொடுத்ததே கணக்கு நோட்டுதான். முத்து முத்தாக எழுதுகிறவர்கள். வரி தொடங்கும்போது கடலைப்பருப்பு அளவில் இருந்த எழுத்து, முடியும்போது கடுகாகிவிடும். கை நடுக்கம் அப்புறம்தான் வந்தது.

அதற்குச் சின்டோபா பிளஸ் மாத்திரை காலை 8, பகல் 12, மாலை 4, இரவு 8. இப்போது தொல்லை காலில். முகப்பிலிருந்து வளவுக்குள் (முற்றமுள்ள உள்கட்டுக்குள்) நுழையும் நிலைப்படிக்கு வந்ததும் இரண்டு பாதமும் பசை போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. வளவுக்குள் போய்விட்டால் நன்றாகவே நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வரிசையாக ஐந்து நிலை. ஒவ்வொன்றும் ஒரு கண்டம். போன மாதம் ஆத்தா (என் அம்மா) கையைப் பிடித்து இழுக்க, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். நல்லவேளை, எலும்பு தப்பித்தது.

மூளைக்குள் கம்பியும் நெஞ்சில் பேட்டரியும் வைக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் பண்ணச் சொல்லிக் கல்யாண வீட்டில் ஒருவர் பிடித்துக்கொண்டார். பல லட்சம் ஆகுமாம். இன்னொருவர் பூனைக்காலி என்ற மூலிகைப் பொடி ஒரு டப்பா கையில் கொடுத்தார். நான் சென்னையில் இருக்கிறேன், மாதம் இரண்டு முறை பல்லவன் ரயிலில் வருகிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, எங்கள் வீட்டு ஐயாவுக்கு இது பதினோராவது வருடம். டிபிஎஸ் பண்ணி நான்கு வருடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டாக்டர் எங்களிடம் முதலில் கேட்டது, “கால் ஒட்டுவது மாத்திரை வேலை செய்கிற நேரத்திலா, தீர்ந்துபோன நேரத்திலா?” என்றுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. பால் கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, என்ன சாப்பாடு, கால் எப்போது நின்றது. பத்து நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. மதியம் கோழிக் குழம்போடு சேர்த்து மாத்திரை போட்ட நாளெல்லாம் சாயங்காலம் வரை கல்தான். அந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்தும் கறி, பருப்பில் உள்ள புரதமும் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டி போடுமாம். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை, கறியெல்லாம் ராத்திரிக்கு. புரதத்தை நிறுத்திவிடாதீர்கள், ஆள் மெலிந்துபோவார்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். மாத்திரை போட்டால் எது சரியாகிறதோ, பெரும்பாலும் அதைத்தான் டிபிஎஸ்ஸும் சரிசெய்யும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு; மாத்திரைக்கு அடங்காததும் இதில் அடங்கலாம். ஆனால் மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்திலும் கால் ஒட்டினால் ஆபரேஷனை நம்பி இறங்காதீர்கள். எங்களுக்கு உடம்பு தானாக முறுக்கி ஆடுவது குறைந்தது, மாத்திரை எண்ணிக்கையும் குறைந்தது. குரல் மட்டும் முன்னைவிடத் தேய்ந்துவிட்டது. பேச்சுப் பயிற்சிக்குப் போய்ச் சத்தமாகப் பேசப் பழகுகிறார்கள். வளவில் நின்று என்னைக் கூப்பிடுவதுதான் வீட்டுப்பாடம். பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கும் ஒரு சின்ன ஆபரேஷன் உண்டு. நோய் என்னவோ தன் போக்கில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பூனைக்காலி வெறும் பொடி இல்லை. அதற்குள்ளும் அதே லெவோடோபாதான். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் அளவு ஏறி வாந்தி வரும், எழுந்தால் தலை கிறுகிறுக்கும், உடம்பு ஆடும். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அது இன்னும் ஆபத்து.

காரைக்குடி பிசியோ:
ஆச்சி சொன்னது சரி. நான் கால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் ஆத்தா இழுப்பதை நிறுத்த வேண்டும். கால் ஒட்டினால் நின்றுவிடட்டும். மூச்சு விட்டு, உடம்பின் எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி மாற்றிச் சாய்த்து, “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லிப் பெரிய எட்டாக எடுக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்து வரட்டும்.

வளவில் ஏன் நன்றாக நடக்கிறார்? அங்கே ஆத்தங்குடிக் கல் கட்டம் கட்டமாக இருக்குமே! கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால் இவர்களுக்குக் கால் எழும். மாடிப்படி ஏறுகிறவர் சமதரையில் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். நிலைக்கு முன்னால் வெறும் தரையா என்று பாருங்கள். வெறும் தரை என்றால் குறுக்காக மூன்று கலர் டேப், ஓர் எட்டு இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பத்து ரூபாய் வைத்தியம்.

பள்ளத்தூர் மருந்துக்கடை:
ஒரே கேள்வி. தலைசுற்றலுக்கோ வாந்திக்கோ வேறு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? அட்டையில் சின்னாரிசின், ப்ளூனாரிசின், மெட்டோகுளோபிரமைடு என்று இருந்தால் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாதவருக்கே பார்க்கின்சன் மாதிரி கொண்டுவரும், இருப்பவருக்குக் கூட்டும்.

கோட்டையூரான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கவும்.

சின்னாரிசின் இருந்தது. வேறொரு டாக்டர் தலைசுற்றலுக்கு எழுதியது, எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நரம்பு டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். முழுப் பலன் தெரியச் சில மாதம்கூட ஆகலாமாம். நோட்டுப் போட்டதில் கால் ஒட்டுவது பெரும்பாலும் பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும், அதாவது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால். இடைவெளியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். டிபிஎஸ் பேச்சை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம் என்றார். பூனைக்காலி டப்பா அப்படியே இருக்கிறது.

டேப்புக்கு ஆத்தா ஒப்பவில்லை. “பர்மாத் தேக்கு நிலைக்கு முன்னாடி கரண்டுக்காரன் டேப்பா?” என்று கேட்டுவிட்டு, அரிசியை ஊறவைத்து அரைத்து ஒவ்வொரு நிலைக்கு முன்னாலும் மூன்று கோடு மாக்கோலமாக இழுத்துவிட்டார்கள். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று அப்பச்சி இப்போது காலை நன்றாகத் தூக்கி வைத்துத் தாண்டுகிறார்கள்.