பழைய ஜீப்பை வளவுக்குள் வைத்துத் திருத்தியவர்களே, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கோண்டாவிலான்:

என்னுடையது 2.5 லீற்றர் டீசல் பஜெரோ, இரண்டாம் தலைமுறை. வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நான்கு சில்லுக்கு மாற்றினால் மீற்றர் பலகையில் உள்ள முன்சில்லு விளக்கு இரண்டும் சற்று மின்னிவிட்டு நின்று எரிய வேண்டும். எனக்கு மின்னிக்கொண்டே இருந்தது. கராஜில் காட்டினேன். கியர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே இறக்க வேண்டும், சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, வாகனத்தைப் பேசாமல் மாமரத்தின் கீழ் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கிணற்று மோட்டர் திருத்த ஓர் ஐயா வந்தார். வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "இது ஏன் தம்பி சும்மா நிற்கிறது?" என்றார். சொன்னேன். எஞ்சினை இயக்கச் சொல்லி, பொனற்றுக்குள் தலையை விட்டுக் காதைக் கொடுத்தார். டீசல் எஞ்சினின் அந்த இரைச்சலுக்குள் மெல்லிதாக ஒரு சீறல் இருந்திருக்கிறது. எனக்கு அதுவரை கேட்டதே இல்லை. பேனை மொத்தம்கூட இல்லாத ஒரு றப்பர்க் குழாய், முனையில் வெடித்திருந்தது. கிறீஸ் படிந்த பெருவிரலால் அதைப் பொத்திப் பிடித்தார். சில விநாடி. உள்ளே இருந்த மகள், "அப்பா, மின்னுவது நின்றுவிட்டது!" என்று கத்தினாள்.

விரலை எடுக்காமலே ஐயா கேட்டார்: "இதில் எத்தனை சில்லு இழுக்கும்?"

நான்கும் இழுக்கிற வாகனம் என்று தெரியாமலேயே கண்டுபிடித்துவிட்டார்! அந்தக் குழாயின் உறிஞ்சலில்தான் முன்சில்லு இணைகிறது. மோட்டருக்கு உரிய காசை மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார். அந்தக் கராஜ்காரருக்கு இந்தக் குழாய் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேலணை மேற்கு:

எங்கள் பக்கத்துக் கதை வேறு, உப்புக்காற்று. அண்ணா வாங்கிய ஜீப்பின் அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளவென்று இருந்தது. நான் கீழே படுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டு போனேன். முன்பக்கம் 'டங் டங்' என்றது. பின் சில்லுக்கு மேலே வந்ததும் சத்தமே இல்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது. இரும்பு அப்பளம்போல நொறுங்கி முகத்தில் கொட்டியது. அண்ணா மேலே நின்று "என்ன சத்தம்?" என்கிறார், என்ன பதில் சொல்வது? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஏறிக்கொண்டிருந்த காலம். கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாங்கப் போகிறவர்கள் சுத்தியலைக் கொண்டு போங்கள். விற்கிறவர் தட்ட விடவில்லை என்றால் திரும்பி வாருங்கள்.

சுன்னாகத்தான்:

கோண்டாவிலானுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்துக் காப்பெற் வீதியில் நான்கு சில்லு எதற்கு? தார் வீதியில் அப்படி ஓடினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிப் பெட்டி உடையும். விளக்கு மின்னினால் மின்னட்டும் என்று விட்டிருக்கலாம்.

என் கதை ஆனையிறவில் நடந்தது. சூட்டு முள் சட்டென்று ஏறியது. ஓரம் கட்டினோம். உச்சி வெயில், ஒதுங்க ஒரு மரம் இல்லை. மச்சான் துணியைச் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியில் கை வைத்துவிட்டார். அந்த வழியால் சைக்கிளில் வந்த ஒரு பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவருடைய கையைத் தட்டிவிட்டார். ஒன்றும் பேசவில்லை. சட்டைக் கையை மடித்துக் காட்டினார், முழங்கைவரை வெந்த தழும்பு. பிறகு சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார். நன்றிகூடச் சொல்ல விடவில்லை.

வீட்டுக்கு வந்து மேல் குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கல். நாங்கள் இருப்பது சுண்ணக்கல்லின் மேல். கேத்திலில் படிவது றேடியேற்றரிலும் படியும், அதில் புதுமை இல்லை. ஆகவே கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கூலன்ற் வாங்கி, காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றிய பின் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், ஹீற்றரையும் திறந்து வையுங்கள். மூடியின் றப்பர் வளையம் காய்ந்திருந்தால் மாற்றுங்கள், அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். விசிறியின் கிளச் சூட்டிலும் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, "இந்த வெயிலுக்குத் தேர்மோஸ்ரற் எதற்கு?" என்று, சூட்டைப் பார்த்துத் தண்ணீரை விடுகிற அந்த வால்வைக் கழற்றி எறிகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும். சந்தேகம் என்றால் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதில் பொறித்திருக்கும் சூட்டில் வாய் திறக்க வேண்டும். இந்தப் பழைய டீசல் எஞ்சின்களின் அலுமினியத் தலை ஒருமுறை சூடேறி வெடித்தால் செலவை நீங்களே கணக்குப் பாருங்கள்.

மானிப்பாய்ப் பழையவன்:

சுன்னாகத்தான், தண்ணீர் விடயம் சரி. நான்கு சில்லு விடயம் பிழை. கோண்டாவிலானுடைய பஜெரோவில் இருப்பது சுப்பர் செலெக்ற் என்கிற நான்கு சில்லு முறை. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷியல் நடுவில் உண்டு. லீவரை 4எச்சில் வைத்துத் தார் வீதியிலும் ஓடலாம், மழைக்கு நல்லது. 4எச்எல்சிபோல நடுவைப் பூட்டுகிற நிலைகளில்தான் தார் வீதியில் ஓடக்கூடாது. எல்லா ஜீப்பையும் ஒரே மாதிரி நினைத்துப் புத்தி சொல்லாதீர்கள்.

எனக்கு நடந்தது சிரிப்புக் கதை. 1992ஆம் ஆண்டு டீசல் ஜீப், காலையில் இயங்க மறுத்தது. பேரன் தன் நண்பனைக் கூட்டி வந்தான். நல்ல பிள்ளை, கையில் கணினி. ஸ்ரியறிங்கின் கீழ் ரோர்ச் அடித்து, வயர் சொருகும் துவாரத்தைத் தேடு தேடென்று தேடினான். பிறகு வெளியே வந்து, "தாத்தா, இதற்கு மூளையே இல்லை" என்றான். அவன் வாகனத்தைத்தான் சொன்னான் என்று வைத்துக்கொள்கிறேன்.

டீசல் வடியின் தலையில் கையால் அமுக்கும் பம்பு இருக்கிறது. அமுக்கினேன், பஞ்சாகப் போனது. அப்படியானால் குழாயில் காற்று. குழாய்ப் பிடியை இறுக்கிவிட்டு, கைக்குக் கல்லாகும்வரை அமுக்கி இயக்கினேன், பிடித்துக்கொண்டது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கார்புரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள் நாங்கள். அந்தப் பிள்ளையோ, "எந்த யூரியூபில் பார்த்தீர்கள்?" என்று கேட்டான்.

கொடிகாமம் சந்தி:

என்னுடையதும் கோண்டாவிலானுடையதுபோல 4டி56 எஞ்சின்தான். வாங்கும்போது ரைமிங் பெல்ற் (வால்வைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குகிற பட்டி) புதிது என்று பற்றுச்சீட்டே தந்தார்கள். மனம் கேட்காமல் மூடியைக் கழற்றினேன். வெளிப் பெல்ற் எழுத்து அழியாமல் புதிது. அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறிய பெல்ற்றைத் திருப்பிப் பார்த்தால், பல்லுக்குப் பல் வெடிப்பு!

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெல்ற் அதிர்வைக் குறைக்கும் தண்டைச் சுற்றுவது. "அது அறுந்தால் என்ன, அதிர்வு கூடும், அவ்வளவுதானே" என்பார்கள். அறுந்தது போய்ப் பெரிய பெல்ற்றுக்குள் சிக்கும், அதுவும் போகும், வால்வும் பிஸ்டனும் மோதும். இரண்டையும், இறுக்கும் உருளைகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள். எண்ணெய் கசியும் சீல் இருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள், புது பெல்ற்றில் எண்ணெய் படக்கூடாது. பொருத்திய பின், திறப்புப் போட்டு எஞ்சினை இயக்காமல், கீழ்ப் புல்லியை ஸ்பானரால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எங்காவது தட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

கோண்டாவிலான்:

மானிப்பாய் ஐயாவுக்கு நன்றி, அதையே எழுத இருந்தேன். சுன்னாகத்தான், நான் வீதியைப் பற்றிக் கேட்கவில்லையே! தோட்டத்துக்குள் மாரியில் இறங்கிப் பாருங்கள், தெரியும்.

குழாய் தேடுகிறவர்களுக்கு: ஸ்ரான்லி வீதியில் முதலில் எனக்குப் பெற்றோல் குழாயைத்தான் தந்தார்கள். அது வேண்டாம், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். சுவர் தடித்த வக்கியூம் குழாய் என்று கேளுங்கள். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் ஒருமிக்க மாற்றிவிட்டேன்.

வேலணை மேற்கு:

எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். சட்டத்துக்கு ஒழுங்காகத் தகடு வைத்து ஒட்டுகிற ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா? இரண்டு இடத்தில் கேட்டேன், இரண்டு இடத்திலும் முதலில் கறுப்புப் பூச்சைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.