குழந்தைத் தொப்பி நூல்: புதுப்பிப்பு

குன்னூரில் எங்கள் நூல்கடையில் சனிக்கிழமை மாலை கூடிப் பின்னுகிறோம், ஆஸ்பத்திரி வார்டில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொப்பி பின்ன எந்த நூல் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் கம்பளி என்றீர்கள், சிலர் அக்ரிலிக் (செயற்கை நூல்), ஒருவர் பருத்தி.

மூன்றிலும் சிறு சதுரம் பின்னித் துவைத்துப் பார்த்தோம். சாதாரணக் கம்பளி வெந்நீரில் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் அது தாங்காது. பருத்தி தோலுக்கு இதம்தான், ஆனால் இழுத்தால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாது, தொப்பி தளர்ந்துவிடும். அதனால் மென்மையான, குழந்தைகளுக்கான அக்ரிலிக்கையே எடுத்தோம். மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி நூல்) வேண்டாம், முடி உதிரும். அதைச் சொன்ன அக்காவுக்கு நன்றி.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. தொப்பியைக் கொஞ்சம் குறைவாக, 30 செ.மீ. அளவில் பின்னினால் நழுவாமல் நிற்கிறது. ஓரத்துக்கு இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு மறுபின்னல் என்று மாற்றி மாற்றி. பொத்தான், குஞ்சம் எதுவும் இல்லை, பிய்ந்து வாய்க்குள் போய்விடும்.

அப்புறம், லேபிளில் உள்ள சாய எண்ணை, அதாவது எந்தத் தடவை சாயமேற்றிய நூல் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். ஒரே நிறப் பெயர், வேறு எண் என்றால் வெயிலில் கோடு தெரியும். கடைக்கார அம்மா இப்போது ஒரே எண்ணுள்ள உருண்டைகளை எங்களுக்காகத் தனியாக எடுத்து வைக்கிறார். எவ்வளவு பெரிய உதவி!

முதல் பை வார்டுக்குப் போய்விட்டது. அடுத்தது காலுறை, குதிகால் திருப்ப (அந்த இடத்தை வளைத்துப் பின்ன) தெரிந்தவர்கள் சனிக்கிழமை வாருங்கள், புதியவர்களுக்குக் கற்றுத்தர ஆள் வேண்டும்.